அதிவேக சொகுசு எஸ்.யூ.வி.: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் எழும் கேள்விகள்

எந்தெந்த வண்டிகளை இந்த வகையில் சேர்க்கலாம்?

போர்ஷே கேயென் டர்போ, பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 எம், ஆடி ஆர்.எஸ். க்யூ8, மெர்சிடிஸ்-ஏ.எம்.ஜி. ஜி 63, லம்போர்கினி உருஸ், ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.எக்ஸ்707, ஃபெராரி புரோசாங்குவே. எல்லாமே 2 டன்னைத் தாண்டியவை, 550 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ளவை, 100 கி.மீ. வேகத்தை நான்கரை நொடிக்குள் தொட்டுவிடும்.

‘எம் ஸ்போர்ட்’, ‘எஸ் லைன்’, ‘ஏ.எம்.ஜி. லைன்’ என்று பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை பம்பர், சக்கரம், ஸ்டீயரிங், இருக்கைத் தையல் ஆகியவற்றை மாற்றிய சாதாரண வண்டிகள். எஞ்சினும் பிரேக்கும் வேறு. பழைய வண்டிச் சந்தையில் இந்த இரண்டையும் குழப்பி விலை சொல்வது வழக்கம் என்பதால், ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

இந்த வகை எப்போது தொடங்கியது?

லம்போர்கினி 1986-இல் எல்.எம்.002 என்ற வி12 (‘வி’ வடிவில் 12 சிலிண்டர் கொண்ட எஞ்சின்) வண்டியைக் கொண்டுவந்தது, ஆனால் அது தனி மரமாகவே நின்றது. திருப்புமுனை 2002-இல் வந்த போர்ஷே கேயென். அதன் டர்போ மாடலில் 4.5 லிட்டர் வி8, 450 குதிரைத்திறன். ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி எஸ்.யூ.வி. செய்யலாமா என்று அப்போது ரசிகர்கள் கொதித்தார்கள், ஆனால் அந்த விற்பனைதான் கம்பெனியைத் தாங்கியது. அதன்பின் மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். 2017 டிசம்பரில் உருஸ் அறிமுகமானபோது 650 குதிரைத்திறன், மணிக்கு 305 கி.மீ. வரை போய்விட்டது.

இரண்டேகால் டன் வண்டி எப்படி இவ்வளவு வேகமாகப் பாய்கிறது?

முதல் காரணம் இழுவிசை. இரட்டை டர்போ வி8 எஞ்சின்கள் 2,000-த்தை ஒட்டிய சுழற்சியிலேயே 750 முதல் 850 நியூட்டன் மீட்டர் வரை தந்துவிடும். இரண்டாவது, அந்த விசை நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போவது. இரண்டு சக்கரம் மட்டும் இழுத்தால் டயர் புகைந்து நிற்கும். மூன்றாவது, 300 மி.மீ.க்கு மேல் அகலமான டயர்.

ஆனாலும் எடை தன் பங்கை வசூலிக்காமல் விடாது. பி.எம்.டபிள்யூவின் முந்தைய எம்5 காம்பெடிஷன் செடானிலும் எக்ஸ்5 எம் காம்பெடிஷனிலும் இருப்பது ஒரே 4.4 லிட்டர் வி8. இரண்டிலும் 625 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர். செடான் 100-ஐத் தொட 3.3 நொடி, எஸ்.யூ.வி.க்கு 3.8 நொடி. அந்த அரை நொடிக்குப் பின்னால் 400 கிலோவுக்கும் அதிகமான எடை இருக்கிறது. இந்த வண்டிகளின் நிறை, குறை இரண்டுக்கும் வேர் இந்த எடைதான். டயர், பிரேக், சஸ்பென்ஷன், பெட்ரோல் என்று எந்தச் செலவைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கும்.

அப்படியானால் செடானையே வாங்கலாமே? எஸ்.யூ.வி.யில் என்னதான் கவர்ச்சி?

ஓட்டும் சுகம் மட்டும் வேண்டுமென்றால் செடான்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் எஸ்.யூ.வி.யில் கிடைக்கும் சில விஷயங்கள் செடானில் கிடைக்காது. குனியாமல் ஏறி இறங்கலாம். மூட்டு வலியுள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால் இதன் அருமை தெரியும். பார்வை உயரத்தில் இருக்கும். ஏர் சஸ்பென்ஷன் (இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப்பை தாங்கும் அமைப்பு) உள்ள வண்டி தரையிலிருந்து எழும்பும்: உருஸ் 158 மி.மீ.யிலிருந்து 248 மி.மீ. வரை உயரும். ஸ்போர்ட்ஸ் கார் வயிறு உரசி நிற்கும் வேகத்தடையை இது உணராமலே தாண்டிவிடும். நம் சாலைகளில் இதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது, தேவை.

உயரமான வண்டி வளைவில் சாயாதா, கவிழாதா?

சாயவிடாமல் தடுக்க நிறைய செய்திருக்கிறார்கள். கேயென், பென்ட்லி பென்டேகா, உருஸ், ஆர்.எஸ். க்யூ8 ஆகியவற்றில் 48 வோல்ட் மின்மோட்டார் சாய்வைத் தடுக்கும் கம்பியையே முறுக்கி வண்டியைச் சமமாகப் பிடிக்கும் (சிலவற்றில் அது விருப்பத் தேர்வு). பின்சக்கரமும் சில டிகிரி திரும்பும். 2021-இல் கேயென் டர்போ ஜி.டி. ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 38.9 நொடியில் சுற்றியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மோட்டார் சாய்வை மறைக்கிறதே தவிர, புவியீர்ப்பு மையத்தை இறக்கிவிடவில்லை. செடானில் உடம்பு சாய்வதை வைத்து ‘வேகம் அதிகம்’ என்று தெரிந்துகொள்வோம். இதில் அந்த அறிகுறி வராது. டயர் பிடி விடும்போது ஒரேயடியாக விடும். மழையில், அதுவும் தேய்ந்த அகல டயரோடு, நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி நீர்மேல் மிதக்கும். அகலம் கூடக் கூட அது இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும்.

பிரேக் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 2,300 கிலோ வண்டி 200 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 35 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். 1 டன் எடையுள்ள சின்னக் கார் 100-லிருந்து நின்றால் ஒன்றேகால் லிட்டர் சொச்சம்தான் கொதிக்கும். அத்தனை சூடும் நான்கு டிஸ்க்குக்குள் சில நொடியில் இறங்குகிறது. உருஸின் முன் டிஸ்க் 440 மி.மீ. விட்டம், 10 பிஸ்டன் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிடி) என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டிஸ்க் மூன்று வகை. வார்ப்பிரும்பு டிஸ்க் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் கருந்தூசி சக்கரம் முழுக்கப் படியும். போர்ஷேயின் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்கை வெள்ளைக் காலிப்பரை வைத்து அடையாளம் காணலாம். தூசி மிகக் குறைவு, ஆயுள் அதிகம், ஆனால் லேத்தில் கடைந்து சமன் செய்ய முடியாது. செராமிக் டிஸ்க் இரும்பின் எடையில் பாதி அளவுதான், துருவும் பிடிக்காது. அதற்கு எமன் பஞ்சர் கடைதான். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ரிம் டிஸ்க்கின் ஓரத்தில் மோதினால் செராமிக் சில்லு பெயர்ந்துவிடும். போல்ட் துளைகளில் வழிகாட்டிக் கம்பி இரண்டைத் திருகி, அதன்மேல் சக்கரத்தை நழுவவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அந்தக் கம்பி இல்லாத கடையில் சக்கரத்தைத் தொடவிடாதீர்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் ஆவியாகி பெடல் அடிவரை போய்விடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கியரை ‘மேனுவல்’ முறைக்கு மாற்றி, 2 அல்லது 3-இல் வைத்து எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள். நன்றாகச் சூடான பிரேக்கை நின்ற பிறகும் அழுத்திப் பிடித்தபடி இருக்காதீர்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி, அடுத்தமுறை பிரேக் போடும்போது ஸ்டீயரிங் உதறும்.

டயர் எவ்வளவு நாள் வரும்? வேறு கம்பெனி டயர் போடலாமா?

ஓட்டும் விதத்தைப் பொறுத்து 15,000 முதல் 30,000 கி.மீ. என்று எதிர்பார்க்கலாம். முன்னும் பின்னும் வேறு அளவு உள்ள வண்டிகளில் இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டும் வழி கிடையாது. எக்ஸ்5 எம் காம்பெடிஷனில் முன்னால் 295/35 ஆர்21, பின்னால் 315/30 ஆர்22.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 315 அகலத்தில் 30 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்: வெறும் 94 மி.மீ. உள்ளங்கை அகலத்தை விடச் சற்றே கூடுதல். பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அவ்வளவுதான். அடி பலமாக விழுந்தால் பக்கச்சுவருக்குள் இருக்கும் நூல் அறுந்து, கோழி முட்டை அளவுக்கு வீக்கம் தெரியும். அந்த டயரில் அடுத்த நகரம் வரை கூடப் போகாதீர்கள். ஒட்டுப்போடவும் முடியாது. இந்த வண்டிகள் பலவற்றில் முழு ஸ்டெப்னி இல்லை. கூட வரும் பசை பாட்டில் ஆணி குத்திய ஓட்டையை அடைக்குமே தவிர பக்கச்சுவர்க் கிழிசலை அடைக்காது. நெடும்பயணம் அதிகம் போகிறவர், கம்பெனி அனுமதித்தால், ஓரிரு அங்குலம் சிறிய ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் எடுப்பதே புத்திசாலித்தனம். தோற்றத்தில் கொஞ்சம் குறையும், தூக்கம் நன்றாக வரும்.

வேறு டயர் போடலாமா என்றால்: பக்கச்சுவரில் நட்சத்திரம் இருந்தால் பி.எம்.டபிள்யூவுக்காகச் செய்தது; ‘என்’ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் போர்ஷே; ‘எம்.ஓ.’ என்றால் மெர்சிடிஸ். அதே அளவு, அதே பெயர் கொண்ட டயரிலும் ரப்பர் கலவையும் சுற்றளவும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். நான்கு சக்கர இழுவையில் இது முக்கியம். முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு சுற்றளவில் உருண்டால் டிரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) கிளட்ச் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் அதுவே எரியும். ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றும்போதும் இதே ஆபத்துதான். தேய்மான வித்தியாசம் அதிகமென்றால் அந்த அச்சின் இரண்டையும், தேவைப்பட்டால் நான்கையும் மாற்றுங்கள். சுமைக் குறியீட்டையும் பாருங்கள்: 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். உங்கள் வண்டிக்குக் குறித்திருக்கும் எண்ணுக்குக் கீழ் இறங்கக் கூடாது.

ஏர் சஸ்பென்ஷன் கெட்டால் தலையில் இடிதானா?

கவனித்தால் பாதிச் செலவில் முடியும். முதலில் கெடுவது ரப்பர் காற்றுப்பை. மடிப்பில் வெடித்துக் காற்று மெல்லக் கசியும். அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி ஓடிக் கடைசியில் தானும் எரிந்துபோகும். பல ஒர்க்‌ஷாப்பில் எரிந்த கம்ப்ரஸரை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்கள். கசிவு அப்படியே இருக்கும். சில மாதத்தில் புதியதும் போய்விடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை: இரவு சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் மையத்திலிருந்து மேல் வளைவு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பையில் அல்லது அதன் குழாய் இணைப்பில் கசிவு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கும் முன் மெனுவில் உள்ள ‘ஜாக் மோடு’ போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வண்டி தன்னைச் சமன்செய்ய முயன்று பையைச் சேதப்படுத்தும், ஆளுக்கும் ஆபத்து.

சென்னை வெயிலிலும் நெரிசலிலும் இந்த எஞ்சின் தாங்குமா?

தாங்கும், ஆனால் சூடு இதன் பலவீனம். ஜெர்மன் வி8-களில் பெரும்பாலும் இரண்டு டர்போவும் ‘வி’ வடிவின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வேகமாகச் செயல்பட அது உதவுகிறது. ஆனால் எஞ்சினின் மிகச் சூடான பாகம் ரப்பர், பிளாஸ்டிக், வயர் ஆகியவற்றின் மடியில் இருக்கிறது. வருடங்கள் போகப் போக கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய் இணைப்புகள் மொறுமொறுவென்று ஆகி உடையும். வண்டியை அணைத்த பிறகும் மின்விசிறி ஓடினால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். வேகமாக ஓட்டி வந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிப் பிறகு நிறுத்துங்கள்.

எஞ்சின் ஆயில் பெரும்பாலும் 9 முதல் 10 லிட்டர் பிடிக்கும். சர்வீஸ் புத்தகம் 15,000 கி.மீ. சொன்னாலும் நகர ஓட்டத்துக்கு 7,500-க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எக்ஸ்5 எம் போன்ற ‘எம்’ வண்டிகளுக்குப் புதிதில் 2,000 கி.மீ.யில் எஞ்சின், டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றம் கட்டாயம். பழையது வாங்குபவர் அந்த ரசீதைக் கேட்டுப் பாருங்கள். இசட்.எஃப். கம்பெனியின் 8 கியர் பெட்டியின் ஆயிலை ‘ஆயுள் முழுவதும்’ என்று கார் கம்பெனிகள் சொன்னாலும், பெட்டியைச் செய்கிற கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பாகம், சேர்த்தே வரும்.

என்ன பெட்ரோல்? மைலேஜ்?

பெட்ரோல் மூடியின் உட்புறம் எழுதியிருப்பதே சட்டம். இந்த எஞ்சின்கள் 98 ஆக்டேனுக்காகச் செய்யப்பட்டவை, குறைந்தது 95 தேவை. இங்கே சாதாரண பங்க் பெட்ரோல் நீண்ட காலம் 91-ஆகத்தான் இருந்தது. 95-க்குக் குறைந்ததைப் போட்டால் நாக் சென்ஸர் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை உணரும் கருவி) உடனே தீப்பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பங்கு காணாமல் போகும். 95 அல்லது 100 ஆக்டேன் தேடிப் போடுங்கள். எத்தனால் அளவையும் அதே மூடியில் பாருங்கள். பழைய வண்டிகளில் 10 சதவீதம் வரைதான் எழுதியிருக்கும்.

மைலேஜ் நகரத்தில் லிட்டருக்கு 3 முதல் 5 கி.மீ., நெடுஞ்சாலையில் 7 அல்லது 8.

தமிழ்நாட்டில் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்?

2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். 2024-இல் இந்தியாவில் 4.57 கோடி எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகமான உருஸ் எஸ்.இ.யை எடுத்துக்கொண்டால், சாலை வரி மட்டுமே சுமார் 91 லட்சம். எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே சுங்கவரியும் ஜி.எஸ்.டி.யும் இருக்கும். 2025 செப்டம்பர் 22-க்கு முன் பெட்ரோல் எஸ்.யூ.வி.க்கு ஜி.எஸ்.டி. 28, செஸ் 22 என மொத்தம் 50 சதவீதம். இப்போது செஸ் இல்லாமல் 40 சதவீதம். கூடவே 1 சதவீத டி.சி.எஸ். பிடிப்பார்கள், அதை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

வரி குறைந்த வேறு மாநிலத்தில் பதிந்து இங்கே ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேதான் மறுபதிவு செய்ய வேண்டும்.

பாதி விலைக்கும் கீழே பழைய கேயென் டர்போ கிடைக்கிறது. வாங்கலாமா?

விலை குறைந்தது வண்டிக்கு மட்டும்தான். பாகங்களுக்குப் புதிய வண்டிக்காரர் கொடுக்கும் அதே விலைதான். வாங்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

முதல் தலைமுறை வி8 கேயெனில் தெரிந்த நோய் ஒன்று உண்டு. இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அடியில், எஞ்சின் நடுப் பள்ளத்தில், பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் ஓடுகின்றன. சூட்டில் அவை வெடித்தால் கூலன்ட் அங்கேயே இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் கொட்டி, பின்பக்கமாக வழியும். அலுமினியக் குழாய் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். வேகமெடுக்கும்போது தரைக்கு அடியில் ‘டம் டம்’ என்று அடித்தால் கார்டன் ஷாஃப்டின் (விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) நடு பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறது. 2010-இல் வந்த இரண்டாம் தலைமுறையில், குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது இழுத்து இழுத்து விட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மீது சந்தேகப்படுங்கள்.

முழு இரவு நிறுத்திய எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போது ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். முதல் நொடியில் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் அல்லது டர்போ. ஸ்கேனரில் பிழைக் குறி எதுவும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டினால், யாரோ சற்று முன்தான் குறிகளை அழித்திருக்கிறார்கள்.

வெள்ளம் கண்ட வண்டியா என்பதையும் பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, பூட் தரைவிரிப்புக்கு அடியில் மண் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இந்த வண்டிகளில் பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் இருப்பதால் கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே புகுந்தாலே போதும், கோளாறு வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

ஹைபிரிட் வாங்கினால் செலவு குறையுமா?

தினமும் 40 கி.மீ.க்குள் ஓடி, வீட்டில் சார்ஜ் செய்பவருக்குப் பெட்ரோல் நிச்சயம் மிச்சம். கேயென் டர்போ இ-ஹைபிரிட், உருஸ் எஸ்.இ. இரண்டிலும் 25.9 கிலோவாட் மணி பேட்டரி. ஆனால் இரண்டும் 2.5 டன் அளவுக்கு ஏறிவிட்டன. சார்ஜ் செய்யாமல் ஓட்டினால் அந்தப் பேட்டரி வெறும் சுமை, டயரும் பேடும் அதற்கேற்பத் தேயும்.

சாலையில் மற்றவர்களுக்கு இது ஆபத்து என்பது உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி மோதினால் நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த பானெட்டை விடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பாரிஸ் நகரம் 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுத்து, 1.6 டன்னுக்கு மேற்பட்ட வெளியூர் வண்டிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மும்மடங்காக்கியது. வாங்குபவர் செய்ய வேண்டியது: 360 டிகிரி கேமராவை வாங்கியே ஆக வேண்டும், குழந்தைகள் விளையாடும் தெருவிலும் வீட்டு வாசலிலும் கேமராவை மட்டும் நம்பாமல் இறங்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது?

வேகத்தை அல்ல, அது எல்லாவற்றிலும் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களைப் பின்னால் உட்கார வைத்து மோசமான சாலையில் 30-இல் ஓட்டுங்கள். ‘ஸ்போர்ட்’ இல்லாமல் ‘கம்ஃபர்ட்’ முறையிலேயே குலுக்கினால் அந்த வண்டி உங்கள் ஊருக்கு ஆகாது.

பிறகு அதை உங்கள் அடுக்குமாடிக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு கார் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். உருஸ் 5.11 மீட்டர் நீளம், கண்ணாடி சேர்க்காமலே 2.02 மீட்டர் அகலம். மூக்கு வெளியே நீட்டும். நடுவில் நிறுத்தினால் கதவு திறக்கப் பக்கத்துக்கு 24 செ.மீ.தான் மிஞ்சும். ஒரு பக்கம் தூண் இருந்தால் அந்தப் பக்கக் கதவை மறந்துவிட வேண்டியதுதான். லிஃப்ட் மாதிரி தூக்கி அடுக்கும் பார்க்கிங் என்றால் மேடையில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் பாருங்கள். 2,000 கிலோ என்று போட்டிருந்தால் இந்த வகை வண்டி எதையும் அதில் ஏற்ற முடியாது.